ஸ்பீக்கரில் பேசும் கறள்

வேனின் எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் செட்டில் மெல்லிய ஊளை ஒன்று தொடங்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் மேலேறும். காலை எடுத்தால் கீழிறங்கும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று அம்பாறைக் கரையோரத்தில் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. சத்தமான பாட்டுப் போடும்போது அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கிராஅத் கேட்கும்போது முடியாது; ஓதுபவர் ஓர் ஆயத்தை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளி முழுவதையும் அந்த ஊளை நிரப்பிவிடும். ஒலிபெருக்கி கட்டி ஜனாஸா அறிவித்தல் சொல்லிக்கொண்டு போகும் ஓட்டோவில் நிலைமை இன்னும் மோசம். மௌத்தானவரின் பெயரும் நல்லடக்க நேரமும் தெளிவாக விளங்காவிட்டால் அறிவித்தும் பயனில்லை. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், கடையில் ஒரு நொய்ஸ் பில்டரை வாங்கி வயரின் நடுவே பூட்டுவது. அது சில வேளைகளில் பலிக்கும். பல வேளைகளில் பலிக்காது. பலிக்காதபோது பழி செட்டின் மேலோ அம்ப்ளிபயரின் மேலோ விழுகிறது. உண்மையில் இந்த இரைச்சல் தான் எங்கே பிறந்தது, எந்த வழியால் வந்தது என்பதைத் தன் குணத்தாலேயே காட்டிக்கொடுக்கிறது. உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் அந்த வழி என்று முதலில் சந்தேகிக்க வேண்டியது கறள் பிடித்த ஏர்த் இணைப்பை. பில்டரைத் தேடுவதற்கு முன் ஏர்த்தைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஊளை பிறக்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். எஞ்சினின் பெல்ட்டால் சுழலும் அல்டனேட்டர் முதலில் ஆக்குவது ஆடலோட்ட மின்னை, அதுவும் மூன்று கட்டங்களில். உள்ளேயிருக்கும் ஆறு டயோட்கள் அதை ஒரே திசையில் ஓடும் மின்னாக மாற்றுகின்றன. ஆனால் அப்படி மாறிய மின் தட்டையாக இருப்பதில்லை. அதன் தலையில் சிற்றலைகள் ஓடிக்கொண்டேயிருக்கும். பரவலாகப் பயன்படும் பன்னிரண்டு முனை அல்டனேட்டரில் சுழலி ஒரு முறை சுற்றினால் இப்படி 36 சிற்றலைகள் எழும். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்றோடும்போது, கப்பி விகிதம் இரண்டரை என்று கொண்டால், அல்டனேட்டர் 2000 சுற்றில் ஓடும். கணக்குப் போட்டால் வினாடிக்கு 1200 சிற்றலைகள், அதாவது 1200 ஹேர்ட்ஸ். எஞ்சின் 3000 சுற்றுக்கு ஏறும்போது அது 4500 ஹேர்ட்ஸ் ஆகிறது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2000 முதல் 5000 ஹேர்ட்ஸ் வரை. பேச்சில் ச, த, க போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவும் ஒலிகளும் பெருமளவு இந்தப் பகுதியில்தான் கிடக்கின்றன. ஓடும் வண்டியின் ஊளை சரியாக அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அளவில் அது மிகச் சிறியதாக இருந்தும் நம்மை இவ்வளவு வருத்துவதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது பிறப்பிடம் தீப்பொறி. பெற்றோல் எஞ்சினின் பிளக்கில் பல்லாயிரம் வோல்ட் பாய்ந்து பொறி தெறிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வானொலி அலையும் வெளியே கிளம்புகிறது. 1880களின் இறுதியில் ஹைன்ரிச் ஹேர்ட்ஸ் வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டியதும், பிறகு மார்க்கோனி கம்பியில்லாமல் செய்தி அனுப்பியதும் இதே பொறியைக் கொண்டுதான். ஆகவே பெற்றோல் எஞ்சின் ஒவ்வொன்றும் தன்னையறியாமலே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். 1930இல் சிக்காகோவில் போல் கால்வினின் நிறுவனம் மோட்டோரோலா என்ற பெயரில் கார் ரேடியோவைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அதைச் செய்தவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்த பெரும் சிக்கல்களில் ஒன்று இந்தப் பொறியின் இரைச்சல். பொறியின் சத்தம் ஊளையாக வராது. டிக் டிக் என்று தனித்தனியாக வெடிக்கும், எஞ்சின் வேகம் கூடும்போது அடர்ந்து பொரியும். நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 100 பொறிகள். டீசல் எஞ்சினில் பொறி பிளக்கே கிடையாது என்பதால் பழைய டீசல் வேன் ஒன்றில் இந்த வெடிப்பைத் தேடுவது வீண். ஊளையா, வெடிப்பா என்று காதால் பிரித்தறிவதே பாதி வேலை.

மூன்றாவது கூட்டமும் உண்டு. அது எஞ்சின் வேகத்தைச் சட்டை செய்வதில்லை. சாவியைத் திருப்பியதுமே, எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் முன்பே ஒரே சுருதியில் முனகினால் பெற்றோல் பம்ப். போனைச் சார்ஜில் போட்டால் மட்டும் வந்தால் சார்ஜர். அலங்கார எல்ஈடி லைட்டைப் போட்டால் மட்டும் வந்தால் அந்த லைட்டின் சுற்று. வாகனத்துக்குப் பிற்பாடு நாம் கொண்டுவந்து சேர்த்தவையே இவற்றில் பெரும்பாலானவை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குற்றவாளி பிடிபடும் என்பதால் இவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

அல்டனேட்டரின் சிற்றலை எல்லா வாகனத்திலும் இருக்கிறது; ஊளை மட்டும் எல்லா வாகனத்திலும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்தச் சிற்றலை ஒலிக்குள் எப்படி நுழைந்தது என்பது. வாகனத்தில் பெற்றரியின் எதிர்முனை அதன் இரும்பு உடலான பொடியுடன் இணைந்திருக்கும். லைட், ஹோன், பம்ப், செட், அம்ப் எல்லாமே தங்கள் மின்னைப் பொடி வழியாகத்தான் பெற்றரிக்குத் திருப்பி அனுப்புகின்றன. பல வட்டைகளின் நீர் ஒரே வடிச்சல் வாய்க்காலில் விழும் ஏற்பாடு இது: வாய்க்கால் ஆழமாக, அடைப்பின்றி இருக்கும்வரை எவர் வயலும் எவரையும் தொந்தரவு செய்யாது, ஓரிடத்தில் மண் அடைத்துக்கொண்டால் ஒருவர் நீரைத் திறந்ததும் மற்றவரின் வரம்பில் மட்டம் ஏறும். செட் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓரிடத்தில் ஏர்த் ஆகிறது. அம்ப் பின்சீற்றுக்கு அடியில் வேறோரிடத்தில் ஏர்த் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயரின் வெளிப்பின்னல் இருக்கிறது. அம்பின் ஏர்த் நட்டுக்கடியில் கறள் பிடித்து ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலே, 20 அம்பியர் ஓடும்போது அங்கே 0.2 வோல்ட் எழுந்து நிற்கும். திரும்பிப் போக வேண்டிய மின்னில் ஒரு பகுதி இலகுவான வழி தேடி ஆர்சிஏ வயரின் பின்னலுக்குள் புகுந்துவிடும், சிற்றலையையும் கூட்டிக்கொண்டு. இப்படி உருவாகும் சுற்றுப்பாதைதான் ஏர்த் வளையம். செட்டிலிருந்து வரும் ஒலிச்சைகை உச்சத்தில் 2 வோல்ட் அளவு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, வெறும் 2 மில்லிவோல்ட் சிற்றலை கலந்தாலும், சத்தம் அடங்கும் இடங்களில் காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

இந்த இடத்தில்தான் நம் கரையோரம் கணக்கில் வருகிறது. பொத்துவிலிலிருந்து மருதமுனை வரை ஊர்களெல்லாம் கடலோரத்து மணற்பட்டியில் நெருங்கிக் கிடக்கின்றன. பிரதான வீதியும் கடலுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. வாடைக்காலத்தில் காற்று நேராகக் கடலிலிருந்து ஊருக்குள் அடிக்கும். அந்தக் காற்றோடு வரும் நுண்ணிய உப்புத்துகள் வண்டியின் அடிப்பகுதியிலும் நட்டு போல்ட்டிலும் படிகிறது. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதன் அதைத் தாண்டுவது சாதாரணம். செம்பு வயரின் லக், அதன்மேல் பூசிய தகரம் அல்லது நாகம், கீழே இரும்புப் பொடி என்று வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புக் கரைசல் புகுந்தால் அது ஒரு சிறு மின்கலமாகவே வேலை செய்யத் தொடங்கும். இரும்பு கரையும், கறள் படரும். வெளியே பார்த்தால் நட்டு இறுக்கமாகத்தான் இருக்கும், கையால் அசைத்தாலும் அசையாது. கழற்றிப் பார்த்தால்தான் லக்கின் அடியில் செந்நிறத் தூளும், வயரின் பிளாஸ்டிக் உறைக்குள்ளே இரண்டு மூன்று அங்குலம் வரை கறுத்துப்போன செம்பு இழைகளும் தெரியும். கறுத்த இழையின் மேல் ஈயம் பிடிக்காது. அந்த நீளத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய செம்பு வரும் இடத்தில்தான் லக் போட வேண்டும்.

இனித் தேடும் முறை. முதல் கேள்வி: எஞ்சின் வேகத்தோடு சத்தம் மாறுகிறதா? மாறினால் அல்டனேட்டர் அல்லது தீப்பொறி. மாறாவிட்டால் மேலே சொன்ன மூன்றாவது கூட்டம். இரண்டாவது கேள்வி: செட்டின் வொலியூமைக் குறைத்தால் இரைச்சலும் குறைகிறதா? குறைந்தால் அது வொலியூம் சுற்றுக்கு முன்பே, அதாவது ஏரியல் வழியாகவோ போன் வயர் வழியாகவோ நுழைகிறது. வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தும் ஊளை அப்படியே இருந்தால் செட்டுக்குப் பிறகு, ஆர்சிஏ வயரிலோ அம்பிலோ நுழைகிறது. மூன்றாவது, அம்பை நிறுத்திவிட்டு அதன் பக்கம் ஆர்சிஏ வயரைக் கழற்றி, மீண்டும் அம்பைப் போட்டுக் கேட்பது. ஊளை மறைந்தால் அது ஒலிச்சைகையின் வழியாக வந்தது; ஏர்த் வளையம் என்ற சந்தேகம் உறுதிப்படும். மறையாவிட்டால் அம்பின் மின்வயர், அதன் ஏர்த், அல்லது அம்பே காரணம். இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு சதம்கூடச் செலவில்லை. ஆனால் இவற்றைக் கேட்காமல் வாங்கும் எந்தச் சாமானும் குருட்டாம்போக்கில் வாங்கியதுதான்.

காது சொன்னதை மல்டிமீற்றரைக் கொண்டு உறுதிப்படுத்தலாம். எஞ்சினை ஓடவிட்டு, செட்டைச் சத்தமாகப் போட்டு, மீற்றரை நேரோட்ட வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெற்றரியின் எதிர்முனையிலும் மறுமுனையை அம்பின் ஏர்த் திருகிலும் வைக்க வேண்டும். நல்ல இணைப்பில் ஏறத்தாழப் பூச்சியம் காட்டும். பத்தில் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. முனையை அம்பிலிருந்து லக்குக்கு, லக்கிலிருந்து பொடிக்கு, பொடியிலிருந்து பெற்றரி வயர் இறங்கும் போல்ட்டுக்கு என்று ஒவ்வோர் அடியாக நகர்த்தினால் வோல்ட் குதிக்கும் இடத்தில் கறள் ஒளிந்திருக்கும். அடுத்து மீற்றரை ஆடலோட்டத்துக்கு மாற்றி, பெற்றரியின் இரு முனைகளிலும் வைத்துச் சிற்றலையை அளக்கலாம். மிகச் சிறிய எண் காட்டினால் சரி. அரை வோல்ட்டை எட்டினால் அல்டனேட்டரில் டயோட் ஒன்று போயிருப்பதாகவே கொள்ளலாம். அப்போது ஊளையின் சுருதியும் தடித்துக் கீழே இறங்கியிருக்கும். மலிவான மீற்றர்கள் சில, நேரோட்ட வோல்ட்டையே ஆடலோட்டம் என்று பெரிதாகக் காட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாத மீற்றரை இந்த வேலைக்கு நம்பக் கூடாது.

ரேடியோ கேட்கும்போது மட்டும் இரைச்சல் வந்தால் வழக்கு வேறு. ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களின் சொந்த ரேடியோ பெரும்பாலும் அந்நாட்டில் முன்பிருந்த எப்.எம். வரிசையான 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. நம் நாட்டில் ஒலிபரப்பு 88 முதல் 108 வரை. இந்த இடைவெளியை நிரப்ப ஏரியல் வயரின் நடுவே பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சிறு பெட்டியைப் பூட்டுகிறார்கள். அதற்கும் 12 வோல்ட் மின் வேண்டும், ஏர்த் வேண்டும். அது எடுக்கும் ஏர்த் மோசமாக இருந்தால், சிற்றலை ரேடியோவின் வாசலிலேயே ஏறிக்கொள்ளும். ஏரியலின் அடிப்பாகமோ வண்டிக்கு வெளியே மழையும் உப்பும் நேரே படும் இடத்தில் இருக்கிறது. அங்கே கறள் ஏறி ஏர்த் விட்டுப்போனால் சிக்னல் மெலிகிறது. எப்.எம். ரேடியோ வலுவான சிக்னலில் வெடிப்பொலிகளை வெட்டி எறிந்துவிடும் இயல்புடையது. சிக்னல் மெலிந்தால் அந்தக் காவல் தளர்கிறது. முஸ்லிம் சேவை வீட்டு ரேடியோவில் தெளிவாகவும் வண்டியில் பொரிந்தும் கேட்டால், ஒலிபரப்பைக் குறை சொல்லும் முன் ஏரியலின் அடியைக் கழற்றிப் பார்ப்பது நல்லது. பெற்றோல் வண்டியிலும் ஓட்டோவிலும் பிளக்கையும் பார்க்க வேண்டும். உள்ளே தடையுள்ள பிளக்கின் இலக்கத்தில் பெரும்பாலும் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும்; சுமார் 5000 ஓம் கொண்ட அந்தத் தடைதான் பொறியின் ஒலிபரப்பை அடக்குகிறது. மாற்றும்போது தடை இல்லாத பிளக்கைப் போட்டுவிட்டால் எஞ்சின் ஓடும், ரேடியோ கெடும்.

பில்டர் போட்டால் நின்றுவிடுகிறதே, பிறகு ஏன் இந்தத் தேடல் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடையில் பில்டர் என்ற பெயரில் இரண்டு வேறு சாமான்கள் இருக்கின்றன. ஒன்று மின்வயரில் பூட்டும் சுருளும் கெப்பாசிட்டரும். இரைச்சல் நேர்முனை மின்வயர் வழியாக வந்தால் மட்டுமே அது உதவும். ஏர்த் வழியாக வரும் ஊளையை அது தொடக்கூட முடியாது. மற்றது ஆர்சிஏ வயரில் பூட்டும் சிறு டிரான்ஸ்போமர். ஏர்த் வளையத்தை அது உண்மையாகவே துண்டிக்கும். ஆனால் மலிவானவற்றின் இரும்பு உள்ளகம் சிறியது என்பதால் தாழ்ந்த சுருதி ஒலிகள் மெலிந்துவிடும். அதைவிட முக்கியமானது, டிரான்ஸ்போமர் ஊளையை நிறுத்தினாலும் கறளை நிறுத்துவதில்லை. அம்பின் ஏர்த் மேலும் மேலும் சூடாகும், தடை கூடும், ஒருநாள் அம்ப் அணைந்தணைந்து எரியும். நோயின் அறிகுறியை மறைப்பது நோயைத் தீர்ப்பதாகாது. ஏர்த்தைச் சரிசெய்த பிறகும் எஞ்சி நிற்கும் சிறு இரைச்சலுக்குப் பில்டர் தகுந்த கருவி. அதற்கு முன் அல்ல.

புதிய அம்ப் வாங்கினால் தீரும் என்பார்கள் சிலர். அதே கறள் நட்டில் புதிய அம்பைப் பூட்டினால் பழைய ஊளைதான் வரும். கூடுதல் மின் இழுக்கும் அம்பானால் ஊளையும் கூடும். இன்னொன்று, அம்பின் கெயின் திருகைக் கடைசி வரை திருகி வைத்திருந்தால் சைகையோடு இரைச்சலும் பெருகும். கெயினைக் குறைத்து, செட்டின் வொலியூமைக் கூட்டி வைப்பதே முறை. புளூடூத்துக்கு மாறினால் போதும் என்பது இன்னொரு கருத்து. போனுக்கும் செட்டுக்கும் இடையிலான வயர் போவதால் அந்த ஒரு வளையம் அறுந்துவிடும் என்பது உண்மை. ஆனால் செட்டிலிருந்து அம்புக்குப் போகும் வயர் அங்கேயேதான் இருக்கிறது. பத்து வருடமாக நன்றாகப் பாடிய செட், வயரில் பிழை இருந்திருந்தால் அன்றே காட்டியிருக்காதா என்றும் கேட்பதுண்டு. கறள் ஒரு நாளில் பிடிப்பதில்லை. தடை மெல்ல மெல்ல ஏறி, ஒரு நிலையில் காதுக்கு எட்டுகிறது. பெற்றரியும் அப்படித்தான். நல்ல பெற்றரி சிற்றலையை விழுங்கிச் சமன் செய்கிறது. வயதான பெற்றரிக்கு அந்தச் சக்தி குறைகிறது. எனவே நேற்றுவரை இல்லாத ஊளை இன்று வந்தால், அது செட்டைவிடப் பெரிய ஒன்றைப் பற்றிய முன்னறிவிப்பாக இருக்கலாம்.

செய்யவே கூடாத சில குறுக்கு வழிகளையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது பெற்றரி முனையைக் கழற்றி அல்டனேட்டரைச் சோதிக்கும் பழக்கம் சில கராஜ்களில் இன்னும் உண்டு. அந்தக் கணத்தில் 12 வோல்ட் வாகனத்தின் வயரிங்கில் 80 வோல்ட்டுக்கும் மேல் பாயக்கூடும். செட்டும் எஞ்சின் கணினியும் ஒன்றாகப் போய்விடும். ஊளையை நிறுத்துவதற்காக அம்பின் ஏர்த்தைக் கழற்றிவிடுவதும் ஆபத்து. அம்பியர் கணக்கில் ஓடும் மின் முழுவதும் மயிரிழை போன்ற ஆர்சிஏ பின்னல் வழியாகத் திரும்பி, வயரை எரித்துவிடும். பெற்றரியிலிருந்து அம்புக்கு நேராக வரும் தடித்த வயருக்குப் பெற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வயர் எங்காவது உரசிப் பொடியில் முட்டும் நாளில் வண்டியே தீப்பிடிக்கும்.

சரியான ஏர்த் போடுவது அரை மணி நேர வேலை. பொடியில் நல்ல கனமான இரும்புள்ள இடத்தைத் தேர்ந்து, பெயின்ற்றை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளி போல மின்னும் இரும்பு வரும்வரை எடுக்க வேண்டும். பெயின்ற்றின் மேல் லக்கை வைத்து எவ்வளவு இறுக்கினாலும் அது ஏர்த் ஆகாது. மின்வயர் எவ்வளவு தடிப்போ ஏர்த் வயரும் அவ்வளவு தடிப்பு, நீளம் இயன்ற அளவு குறைவு. தகரம் பூசிய லக், பற்கள் உள்ள வொஷர், இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அல்லது பெயின்ற் பூச்சு. உப்புக் காற்றைத் தடுப்பது அந்தக் கடைசிப் பூச்சுதான், நம் ஊரில் அதைத் தவறவிட்டால் அடுத்த வாடைக்குள் பழைய கதை திரும்பும். பெற்றரியிலிருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகும் தொழிற்சாலை ஏர்த் வயர்களையும் அதே கையோடு கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. வீதியில் ஓடுபவற்றில் பல வயதானவை. அவற்றின் வயரிங்கும் வயதானது. புதியது வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லாத காலத்தில் இருப்பதைச் சரியாக வைத்திருக்கும் அறிவு பெரிய சொத்து. ஆகவே அடுத்த தடவை செட்டில் ஊளை கேட்டால் கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். வயரிங் பாஸிடம் வண்டியைக் கொடுக்கும்போது, "பில்டர் போடுங்க" என்று சொல்லாமல், "ஏர்த்தைக் கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள்.